கூப்பிடு தூரம்

முதல் நாள்: நீரோடி, பொழியூர்

எங்கள் ஊரின் பழைய பந்துத் திடலைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போது வள்ளத்தில்தான் போக வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த எவரும் கரையில் நின்று விரலை நீட்டி, அதோ அந்த அலை உடைகிற இடத்துக்கும் அப்பால் ஒரு கோல் இருந்தது என்று காட்டுவார்கள். நடுக்கோடு எங்கோ தூண்டில் வளைவுக்காகக் கொட்டிய கற்களுக்கு அடியில் கிடக்கிறது. நான் பள்ளியில் படித்த எண்பதுகளில், மணலில் நான்கு துடுப்புகளை நட்டால் இரண்டு கோல் தயாராகிவிடும், கிழிந்து கடலுக்கு உதவாத வலை அதன் பின்னால் தொங்கும், கமத்திப் போட்ட வள்ளங்களின் முதுகுதான் காலரி. பந்து வள்ளத்தில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் நிற்காது.

இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரை, முன்னால் கடலும் பின்னால் ஏவிஎம் கால்வாயுமாக ஒடுங்கிக் கிடக்கும் இந்தக் கரையில் எட்டு ஊர்கள் இருக்கின்றன. ஆழ்கடலில் சுறா பிடிப்பதற்குப் பெயர் பெற்ற இந்த ஊர்களுக்குக் கால்பந்து இரண்டாவது தொழில் என்று சொல்வது மிகையல்ல. இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். நீரோடித் தெருவில் மேற்கே நடந்துகொண்டே போனால், ஓரிடத்தில் கடைப் பலகைகளின் எழுத்து தமிழிலிருந்து மலையாளமாகிவிடும், அதுதான் பொழியூர். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது விழுந்த கோடு அது. அந்தப் பக்கத்துப் பையன்கள் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் கேரளச் சட்டை போட்டார்கள், இந்தப் பக்கத்துப் பையன்கள் தமிழ்நாட்டுச் சட்டை போட்டார்கள்; பெண் எடுப்பதும் கொடுப்பதும் மட்டும் கோட்டைக் கண்டுகொள்ளவில்லை.

இந்த ஐந்து நாள் பயணத்தில் எனக்குத் துணை என் பெரியப்பா மகன். அண்ணனுக்கு 61 வயதாகிறது. முப்பது ஆண்டுகள் விசைப்படகு ஓட்டியவர் என்பதால், என்ஜின் சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பேசி, இப்போது பக்கத்தில் இருப்பவரிடமும் நான்காவது வீட்டுக்குக் கேட்கும்படியாகத்தான் பேசுகிறார். கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு, நாங்கள் பழைய காலத்தில் ஆட்டம் பார்த்த இடங்களையெல்லாம் ஒருமுறை சுற்றி வரலாம், அப்படியே புதிதாகக் கட்டியவற்றையும் பார்த்துவிடலாம் என்று சொன்னவர் அவர்தான். மாலையில், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் திடல் ஒன்றின் வலைக்கு வெளியே நின்று பையன்களின் ஆட்டத்தைப் பார்த்தோம். நான்கு பக்கமும் வலை, மேலேயும் வலை, உட்கார ஓரிடமும் இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது மீனுக்கான கூடுல்லா, மக்கா" என்றார்.

இரண்டாம் நாள்: திருவனந்தபுரம்

பாறசாலையில் காலைப் பாசஞ்சரைப் பிடித்தோம். பாளையத்தில் பள்ளிவாசல், தேவாலயம், பிள்ளையார் கோயில் மூன்றும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் சந்திப்புக்கு அருகில்தான் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம் இருக்கிறது. போலீஸ் துறைக்குச் சொந்தமான இந்தத் திடல்தான் எங்கள் கரைக்கு மிகப் பக்கத்தில் இருந்த 'பெரிய' ஸ்டேடியம். ஜி.வி.ராஜா கோப்பை நடக்கும் நாட்களில், காலைச் சந்தையில் மீனை விற்ற கையோடு, கைலியை மாற்றிக்கொண்டு பேருந்து ஏறிவிடுவார்கள். டைட்டானியம், எஸ்.பி.டி., கேரளா போலீஸ் என்று அலுவலகங்களும் ஆலைகளும் அணி வைத்திருந்த காலம் அது. நன்றாகப் பந்தை உதைக்கத் தெரிந்தவனுக்கு வேலை கிடைக்கும் என்பதால், பிள்ளை பந்தோடு அலைந்தாலும் தாய்மார் அதிகம் திட்டுவதில்லை. 2017இல் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் பெரிய வங்கியோடு இணைக்கப்பட்டபோது, கணக்குப் புத்தகம் மாறியதைப் பற்றித்தான் ஊரில் எல்லோரும் பேசினார்கள், அண்ணன் மட்டும், "அப்ப எஸ்.பி.டி. டீம் எங்க போச்சு?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

நடைப்பயிற்சிக்கு வந்தவர்களோடு சேர்ந்து உள்ளே போய், சிமெண்டுப் படியில் உட்கார்ந்தோம். அந்தக் காலத்தில் மத்தியான வெயில் குடித்த இந்தப் படிகளில் செய்தித்தாளை மடித்துப் போட்டுத்தான் உட்கார முடியும், எழுந்திருக்கும்போது அன்றைய தலைப்புச் செய்தி வேட்டியில் பதிந்திருக்கும். 2024இல் சூப்பர் லீக் கேரளா தொடங்கியபோது திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அணிக்கு இதுவே சொந்தத் திடலானது என்பதில் எங்களுக்கு ஒரு திருப்தி உண்டு.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஆட்டக்களத்தைச் சுற்றி ஓடுதளம் போட்ட எந்தத் திடலுக்கும் உள்ள குறை அது. 400 மீட்டர் ஓடுதளத்தின் வளைவு 36.5 மீட்டர் ஆரம் கொண்டது, நேர்ப்பகுதி 84.39 மீட்டர். அதன் நடுவில் 105 மீட்டர் நீளக் கால்பந்துக் களத்தை வைத்தால், ஒவ்வொரு கோல் கோட்டுக்குப் பின்னாலும் ஏறத்தாழ 26 மீட்டர் வெறும் இடம் மிஞ்சும். அதற்கும் அப்பால் எட்டு ஓடுபாதைகள் சேர்ந்து ஏறத்தாழ 10 மீட்டர். அதாவது கோலுக்கு நேர் பின்னால் முதல் படியில் உட்கார்ந்தவருக்கும் கோல்கீப்பரின் முதுகுக்கும் இடையே 36 மீட்டர். இதை நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியபோது அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. எழுந்து நின்று, கோல் பக்கமாகப் பார்த்து, "லேய்!" என்று ஒரு குரல் கொடுத்தார். ஓடுதளத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேர் திடுக்கிட்டு நின்றார்கள்; களத்தின் நடுவில் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்தப் பயணத்தின் அளவுகோல் அங்கேதான் முடிவாயிற்று. "இங்க நின்னு கூப்புட்டா களிக்கிறவனுக்குக் கேக்குமா, கேக்காதா? அதச் சொல்லு, மத்தக் கணக்கெல்லாம் வேண்டாம்."

பிற்பகலில் காரியவட்டம் போனோம். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் கட்டிய கிரீன்ஃபீல்ட் ஸ்டேடியம் அது. 2016 ஜனவரி 3 அன்று தெற்காசியக் கோப்பை இறுதியாட்டத்தை இருவரும் இங்கேதான் பார்த்தோம். ஆப்கானிஸ்தான் முதலில் கோல் போட்டு எங்கள் வாயை அடைத்தது, இரண்டே நிமிடத்தில் ஜெஜே சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் சுனில் செத்ரி வெற்றிக் கோலை அடித்தார். மறு ஆண்டு நவம்பரில் இந்தியா, நியூசிலாந்து இருபது ஓவர் ஆட்டம் மழையால் எட்டு ஓவராகச் சுருங்கி இங்கே நடந்தது. அதன் பிறகு இது கிரிக்கெட்டின் வீடாகிவிட்டது. வாசல் பூட்டியிருந்ததால் கம்பி வழியாகத் தெரிந்த துண்டுப் புல்லை மட்டும் பார்த்தோம். அழகான கட்டடம், கூரையும் அழகு. அதை நான் மறுக்கவில்லை. செத்ரி கோல் அடித்த கோல் எந்தப் பக்கம் இருந்தது என்பதில் நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம்.

மூன்றாம் நாள்: எர்ணாகுளம்

மகாராஜாஸ் கல்லூரித் திடலுக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் அது ஒரு திருத்தலத்துக்குப் போவதைப் போல. 1973 டிசம்பர் 27 அன்று இங்கேதான் கேரளா முதன்முதலாகச் சந்தோஷ் டிராபியை வென்றது; இறுதியாட்டத்தில் ரயில்வேஸ் அணியை 3-2 என்று தோற்கடித்தபோது மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. அன்றிலிருந்து 2017இல் இறக்கும் வரை அவர் கேப்டன் மணி. தமிழ்நாட்டுக்காரராகிவிட்ட எங்கள் பெரியப்பா அதற்காக வருத்தப்பட வேண்டியவர்தான், ஆனால் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் பிறந்த அவருக்கு அந்தக் கணக்குப் புரியவே இல்லை. மூன்றாவது கோலின்போது ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியதில் அதன் மூடி கழன்று விழுந்தது. அந்த மூடியில்லாத ரேடியோவில்தான் நான் பிற்பாடு எல்லா ஆட்டங்களையும் கேட்டேன்.

1992இல் கோயம்புத்தூரில் வி.பி.சத்யனின் தலைமையில் கேரளா கோவாவை 3-0 என்று வென்றபோது எங்களால் போக முடியவில்லை. அடுத்த ஆண்டு கொச்சியில் என்றதும் அண்ணன் கடலுக்குப் போகாமல் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். மகாராஷ்டிராவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் கேரளா 2-0 என்று வென்றது. கோல்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்; எனக்கு நினைவிருப்பது வேறு. பக்கக் கோட்டுக்கு மிக அருகே, தரையில், ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தோம். விளிம்பு ஆட்டக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், எங்களுக்கு முன்னால் பந்தை நிறுத்தி யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவருடைய காலுறையில் ஒரு ஓட்டை இருந்ததும், அதன் வழியே கட்டிய வெள்ளைத் துணி தெரிந்ததும், அவர் மூச்சிரைத்ததும் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தன. அப்போது அண்ணன் தன் கடல் குரலில், "ஓடுல!" என்று கத்தினார். அந்த மனிதர் திரும்பி அண்ணனை ஒரு பார்வை பார்த்தார், பிறகு ஓடினார். ஊருக்கு வந்து எத்தனையோ ஆண்டுகள், கேரளா அந்தக் கோப்பையை வென்றதில் தனக்கும் பங்கு உண்டு என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

இப்போது அந்தத் திடலுக்கு வாசலிலேயே மெட்ரோ ரயில் நிலையம். சில நிறுத்தங்கள் தாண்டி இறங்கினால் கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். பழையதிலிருந்து புதியதற்கு இவ்வளவு சுலபமாகப் போக முடியும் என்று 1993இல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

கலூர் ஸ்டேடியத்தைப் புதியது என்று சொல்வது எங்களைப் போன்ற கிழவர்களின் வழக்கம். அதற்கும் முப்பது வயதாகிவிட்டது. 1997 நேரு கோப்பையில் இந்தியா ஈராக்கோடு மோதிய அரையிறுதிக்கு லட்சம் பேர் வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அந்த லட்சத்தில் நாங்களும் இருந்தோம். பெனால்டியில் தோற்று வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது, என் செருப்பில் ஒன்று அங்கேயே போயிற்று. மறு ஆண்டே அங்கே இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் கிரிக்கெட் ஆடின, சச்சின் ஐந்து விக்கெட் எடுத்தார். இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே கிண்ணம் என்ற அந்தச் சிக்கனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது என் கட்சி. கிரிக்கெட்டில் எல்லைக்கயிறு நடுவிலிருந்து குறைந்தது 59 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்; கால்பந்தின் பக்கக் கோடோ நடுவிலிருந்து 34 மீட்டரில் முடிந்துவிடும். மிச்சமுள்ள 25 மீட்டரில் யாரும் ஆடுவதில்லை, யாரும் உட்காருவதும் இல்லை.

ஆனாலும் இந்தக் கிண்ணத்துக்குள் கேட்ட சத்தத்தை வேறெங்கும் நான் கேட்டதில்லை. 2016 டிசம்பர் 18 அன்று இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில், கேரளா பிளாஸ்டர்ஸின் முகமது ரஃபி தலையால் முட்டிய பந்து கொல்கத்தாவின் வலைக்குள் விழுந்தபோது, மஞ்சள் சட்டைக் கூட்டத்தின் கீழே சிமெண்டு அதிர்ந்ததை உள்ளங்காலில் உணர்ந்தேன். கடைசியில் பெனால்டியில் தோற்றது வேறு கதை. பக்கத்தில் இருந்த அண்ணன் அன்று ஒரு வார்த்தையும் கத்தவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாரும் கத்தும்போ நான் கத்துனா யாருக்குத் தெரியும்?" என்றார். அடுத்த ஆண்டு 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் இங்கே நடந்தபோது, பாதுகாப்புக்காக இருக்கைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது, பிரேசிலும் ஸ்பெயினும் மோதிய ஆட்டம் உட்பட. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 1997இல் என் செருப்பு போன இடத்தில் வேறு ஏதாவது போயிருக்கலாம்.

இன்று ஆட்டம் எதுவும் இல்லை. காலரியின் அடியில் வட்டமாகச் சுற்றி இருக்கும் கடைகளில் ஒன்றில் சாயா குடித்தோம். உலகக் கோப்பைக்காக இந்தக் கடைகளைக் காலி செய்யச் சொன்னபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. தலைக்கு மேலே ஸ்டேடியம், கீழே சோபா வியாபாரம். வெளிநாட்டு அணிகளுக்கு இது விசித்திரமாக இருந்திருக்கும், எனக்கு இதுதான் அந்தக் கட்டடத்தில் பிடித்த பகுதி.

நான்காம் நாள்: திருச்சூர்

இரவு தங்கிய விடுதியில் கொசுவோடு சண்டையிட்டதில் தூக்கம் இல்லை, ஆகவே இன்று அதிகம் அலையவில்லை. திருச்சூர் நகராட்சித் திடலைப் பார்ப்பதற்கு முன்னால் அண்ணன் ஒரு சோடா வாங்கிக் குடித்தார். காரணம் உண்டு. ஐ.எம்.விஜயன் சிறுவனாக இருந்தபோது இந்தத் திடலில்தான் சோடா விற்றார், பாட்டில் ஒன்றுக்குப் பத்துப் பைசா கூலி. ஆட்டக்காரர்களின் காலடியில் வளர்ந்த அந்தப் பையன் பிற்பாடு கேரளா போலீஸ் அணியில் சேர்ந்தார். 1990இல் இதே திருச்சூரில் சல்காவ்கரை 2-1 என்று வென்று ஃபெடரேஷன் கோப்பையை அந்த அணி எடுத்தது. காலரிக்கும் களத்துக்கும் இடையே சோடா விற்கும் பையன் நுழைந்து திரிய வழி இருந்த திடல்களில்தான் இப்படி நடக்கும். இப்போதைய ஸ்டேடியங்களில் தண்ணீர் பாட்டிலையே வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

ஐந்தாம் நாள்: மஞ்சேரி

ஷொறணூரில் நிலம்பூர் ரயிலுக்கு மாறி, தேக்கு மரங்களுக்கு நடுவே போகும் ஒற்றைத் தண்டவாளத்தில் அங்காடிப்புறம் வந்து, அங்கிருந்து பேருந்தில் மஞ்சேரி. பய்யநாட்டில் மேட்டு நிலத்தில் இருக்கும் மலப்புறம் மாவட்ட ஸ்டேடியம்தான், புதியவற்றில் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து ஏற்பட்ட இடம். 2022 சந்தோஷ் டிராபியை நோன்பு மாதத்தில், நோன்பு திறந்து தொழுகை முடித்து வரும் வசதிக்காக இரவு எட்டு மணிக்கு இங்கே நடத்தினார்கள். அரையிறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜெசின் ஐந்து கோல் போட, கர்நாடகா 7-3 என்று தோற்றது. மே 2, பெருநாளுக்கு முந்தைய இரவு, இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் வங்காளம் முந்தியது. 116ஆவது நிமிடத்தில் சஃப்னாத் சமன் செய்தார், பெனால்டியில் கேரளா 5-4 என்று வென்றது. அதை நாங்கள் ஊரில் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். இன்று வெறுமையாக இருந்த காலரியைப் பார்த்துவிட்டு, "கேக்கும்" என்றார் அண்ணன். கத்திப் பார்க்கவில்லை.

இரவு, மலப்புறம் போகும் வழியில் ஒரு கிராமத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் நடக்கிறது என்று சாயாக்கடையில் சொன்னார்கள். அறுவடை முடிந்த வயல், அதைச் சுற்றி இந்தப் பருவத்துக்கு மட்டும் எழுப்பிய காலரி. முன்பெல்லாம் கமுக மரத்தடிகளைக் கயிற்றால் கட்டுவார்கள், இங்கே இரும்புக் குழாய்களின் மேல் பலகை அடித்திருந்தார்கள். ஏறும்போது பலகை நெளிந்தது. பெரிந்தல்மண்ணையில் இப்படியொரு செவன்ஸ் ஆட்டத்தில்தான் 2019 டிசம்பரில் பாலக்காட்டுக்காரரான தனராஜன் களத்திலேயே விழுந்து இறந்தார். அவர் குடும்பத்துக்காக அடுத்த மாதம் பாலக்காடு நூரணியில் ஏற்பாடு செய்த ஆட்டத்தில் தற்காலிகக் காலரி சரிந்து பலர் காயமடைந்தார்கள். பழைய திடல்களைப் பற்றிப் பேசும்போது நாங்கள் இதை அதிகம் சொல்வதில்லை. பலகை நெளிந்தபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது, மேல் வரிசைக்குப் போகாமல் கீழேயே, கோலுக்குப் பின்னால், கயிற்றை ஒட்டித் தரையில் உட்காரலாம் என்றேன்.

ஒரு பக்கத்து அணியில் மூன்று ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இங்கே அவர்கள் சுடானிகள். அவர்களில் உயரமானவர் ஒவ்வொரு முறை பந்தைத் தொட்டபோதும் பின்னால் இருந்த பையன்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். புழுதியும், பெட்ரோமாக்ஸ் காலத்து நினைவைத் தரும் வெளிச்சமும், கடலை வறுக்கும் வாசனையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. எங்களுக்கு முன்னால் இரண்டு கை தூரத்தில் கோல்கீப்பர் நின்றார், இருபது வயதிருக்கும், வலது கையுறையின் பெருவிரல் தைத்துத் தைத்து வீங்கியிருந்தது.

இடைவேளைக்குப் பிறகு எதிரணி அழுத்திக்கொண்டே வந்தது. இடப்பக்கம் ஒருவன் ஆளில்லாமல் நிற்பதைக் கீப்பர் கவனிக்கவில்லை. அண்ணன் பொறுக்கமாட்டாமல், "இடது! இடதுல, மக்கா!" என்று கத்தினார். கீப்பர் திரும்பிப் பார்க்காமலேயே இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தார். பந்து வலப்பக்கமாகப் போய் வெளியே உருண்டது. வயலுக்குள் விழுந்த பந்தை ஒரு பையன் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில், கீப்பர் அதே நிலையில், முகத்தைத் திருப்பாமல், "சேட்டா, ஆ வெள்ளம் ஒன்னு எடுத்தே" என்றார்.

தண்ணீர் பாட்டில் அண்ணனின் காலடியில்தான் கிடந்தது. அவர் அதை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, கயிற்றுக்கு மேலாக நீட்டினார்.